ஒரு வீடு, இரண்டு கம்பெனி, ஒரு எச்.எஸ்.ஏ.

அமெரிக்காவில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் நம்மூர்க் குடும்பங்களில் அக்டோபர் கடைசியிலிருந்து ஒரே பேச்சுதான்: ஓப்பன் என்ரோல்மென்ட். அடுத்த வருடத்துக்கு எந்த மருத்துவக் காப்பீடு, யாருடைய கம்பெனியில், பிள்ளைகள் யார் பக்கம். எங்கள் நியூ ஜெர்சி நண்பர்கள் நடுவில் இந்த விதிகளை உட்கார்ந்து படிப்பவள் நான் என்பதால், அந்த நாட்களில் போன் வந்துகொண்டே இருக்கும். எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றைத்தான். "அக்கா, ரெண்டு கம்பெனியிலயும் இன்சூரன்ஸ் குடுக்கறாங்க. ரெண்டையும் எடுத்து வெச்சுக்கிட்டா நல்லதுதானே?"

பெரும்பாலான வீடுகளுக்கு நல்லதில்லை. வீட்டில் ஒருவர் எச்.எஸ்.ஏ. என்கிற சுகாதார சேமிப்புக் கணக்கில் பணம் போடுகிறார் என்றால், இரண்டாவது காப்பீடு அந்தக் கணக்கையே செல்லாமல் ஆக்கிவிடலாம். என் கணவரின் கம்பெனி அவரை மட்டும் பார்க்கிறது, என் கம்பெனி என்னை மட்டும் பார்க்கிறது. வரிச்சட்டமோ எங்களைத் தம்பதியாகப் பார்க்கிறது. இந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று எந்த எச்.ஆரும் நமக்கு எடுத்துச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கே அது தெரிய வழியில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எச்.எஸ்.ஏ. பற்றி முதலில் சுருக்கமாக. 2003 டிசம்பரில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பற்றிய சட்டத்தின் ஒரு பகுதியாக வந்து, 2004 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஹை டிடக்டிபிள் பிளான் எடுப்பவர்களுக்கு மட்டுமே இது கிடைக்கும். காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கைக்காசு போட வேண்டிய தொகைதான் டிடக்டிபிள். 2026-இல் அது தனிநபருக்குக் குறைந்தது 1,700 டாலர், குடும்பத்துக்கு 3,400 டாலர் இருந்தால்தான் அந்த பிளான் தகுதி பெறும். அப்படி ஒரு பிளானில் இருந்தால் வருடத்துக்குத் தனிநபர் 4,400 டாலர், குடும்பம் 8,750 டாலர் வரை எச்.எஸ்.ஏ.வில் போடலாம். போடும் பணத்துக்கு வரி இல்லை, அது வளர்வதற்கு வரி இல்லை, மருத்துவத்துக்கு எடுத்தால் அதற்கும் வரி இல்லை. சம்பளத்திலிருந்தே பிடிக்கச் சொன்னால் சோஷியல் செக்யூரிட்டி என்கிற அரசு ஓய்வூதியத்துக்கும் மெடிகேருக்கும் போகும் பிடித்தமான 7.65 சதவீதமும் மிச்சம். 22 சதவீத வரி அடுக்கில் இருக்கும் குடும்பம் முழுத் தொகையையும் போட்டால் ஏறக்குறைய 2,600 டாலர் கையில் நிற்கும். எங்கள் நியூ ஜெர்சியும் கலிஃபோர்னியாவும் மாநில வரியில் இந்தச் சலுகையை ஏற்பதில்லை; ஃபெடரல் வரியில் கிடைப்பதே போதும் என்றுதான் நாங்கள் வைத்திருக்கிறோம்.

வருடம் முடிந்தால் இந்தப் பணம் காலாவதி ஆகாது. வேலை மாறினாலும் நம்மோடு வரும். இவ்வளவு நல்ல ஏற்பாட்டுக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. ஹை டிடக்டிபிள் பிளானைத் தவிர, அதே செலவுகளுக்கு முதல் டாலரிலிருந்தே பணம் தரக்கூடிய வேறு எந்த மருத்துவக் காப்பீடும் உங்கள் மேல் இருக்கக் கூடாது. பல், கண், விபத்து, குறிப்பிட்ட நோய்க்கான பாலிசி, நீண்டகாலப் பராமரிப்பு இவையெல்லாம் இருக்கலாம். தடுப்பூசி, வருடாந்திரப் பரிசோதனை போன்றவற்றை ஹை டிடக்டிபிள் பிளானே டிடக்டிபிள் பார்க்காமல் கொடுக்கலாம். மற்றபடி இன்னொரு காப்பீடு கூடாது. நீங்கள் அதைப் பயன்படுத்தினீர்களா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பயன்படுத்த முடியும் என்ற நிலை இருந்தாலே தகுதி போச்சு.

இந்த ஒரு விஷயத்தைத்தான் நம் மக்களுக்குப் புரியவைக்கப் படாத பாடு பட வேண்டியிருக்கிறது. "நான் அந்த கார்டை வெளியவே எடுக்கலையே" என்பார்கள். அட்டை பர்ஸில் தூங்கினாலும் காப்பீடு காப்பீடுதான்.

அதைவிட மோசம், அட்டையே இல்லாத காப்பீடு. எஃப்.எஸ்.ஏ.வைச் சொல்கிறேன். பெயரும் எச்.எஸ்.ஏ. போலவே ஒலிப்பதால் இரண்டும் சேர்ந்து போகும் என்று நினைத்துவிடுகிறார்கள். மருத்துவச் செலவுக்கான எஃப்.எஸ்.ஏ. என்பது கம்பெனி நடத்தும் ஒரு திட்டம். சம்பளத்திலிருந்து வரிக்கு முன் கொஞ்சம் ஒதுக்கி, செலவு வந்தால் அதிலிருந்து வாங்கிக்கொள்வது. சட்டத்தின் கண்ணில் இதுவும் ஒரு மருத்துவக் காப்பீடு. அது ஊழியரின் செலவை மட்டுமல்ல, கணவன் அல்லது மனைவியின் செலவையும் ஏற்கும். ஆகவே மனைவி தன் கம்பெனியில் எல்லா மருத்துவச் செலவுக்குமான பொது எஃப்.எஸ்.ஏ. எடுத்தாலே, அந்தத் திட்டம் ஊழியரின் சொந்தச் செலவுக்கு மட்டும் என்று எழுதப்படாதவரை, கணவன் மேல் இரண்டாவது காப்பீடு வந்துவிட்டது. கணவனால் எச்.எஸ்.ஏ.வில் ஒரு டாலர்கூடப் போட முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதிக்கு இது நடந்தது. அவர் பல வருடமாகக் குடும்பத்துக்கு ஹை டிடக்டிபிள் பிளான் எடுத்து, முழு எச்.எஸ்.ஏ.வும் போட்டு வருபவர். அவளுக்கு எச்-4 இ.ஏ.டி., அதாவது எச்-1பி விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் வேலை அனுமதி, கிடைத்து முதல் வேலை. 2015-இல் அந்த அனுமதி வந்த பிறகு இப்படி இரண்டாவது சம்பளம் நுழைந்த வீடுகள் நம்மிடையே ஏராளம். இரண்டு கம்பெனிச் சிக்கலும் அப்போதுதான் முதல்முறை வீட்டுக்குள் வருகிறது. சேர்ந்த வாரத்தில் நிரப்பிய படிவத்தில், தன் கண்ணாடிக்கும் பையனின் பல் கிளிப்புக்கும் ஆகும் என்று 1,000 டாலருக்கு எஃப்.எஸ்.ஏ. போட்டாள். அவளுக்கு அதில் தவறாக எதுவும் தெரிய நியாயமில்லை, யாரும் சொல்லவில்லை. அடுத்த பிப்ரவரியில் வரிக் கணக்கு பார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவளுடைய திட்டம் தொடங்கிய மாதத்திலிருந்து அவர் போட்டதெல்லாம் தகுதியில்லாத பணம்.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், கண்ணும் பல்லும் மட்டும்தான் அவளுக்குத் தேவைப்பட்டது. அதற்கென்றே லிமிடெட் பர்ப்பஸ் எஃப்.எஸ்.ஏ. என்று ஒன்று இருக்கிறது. பல், கண் செலவுக்கு மட்டும் பணம் தரும், எச்.எஸ்.ஏ.வைத் தொடாது. அவள் கம்பெனியில் அது இருந்ததா என்று கேட்டிருந்தால் போதும். குழந்தைப் பராமரிப்புக்கான டிபென்டென்ட் கேர் எஃப்.எஸ்.ஏ.வும் வேறு வகை. அது டேகேர் கட்டணத்துக்கானது, மருத்துவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

எஃப்.எஸ்.ஏ.வின் வால் இன்னும் நீளம். இந்த வருடம் செலவழியாமல் மிஞ்சிய தொகையில் ஒரு பகுதியை அடுத்த வருடத்துக்கு எடுத்துப்போகச் சில கம்பெனிகள் விடும். 2025-இலிருந்து 2026-க்கு அதிகபட்சம் 660 டாலர். அப்படிப் பொது எஃப்.எஸ்.ஏ.வில் 50 டாலர் ஜனவரிக்குள் போனாலும், அந்த முழுத் திட்ட வருடமும் தம்பதி இருவருக்குமே எச்.எஸ்.ஏ. தகுதி இல்லை. ஜனவரி 2-ஆம் தேதியே அதைச் செலவழித்துத் தீர்த்தாலும் தகுதி திரும்பாது. வேறு சில கம்பெனிகள் மிச்சத்தை எடுத்துப்போக விடாமல், மார்ச் 15 வரை இரண்டரை மாதக் கூடுதல் அவகாசம் தரும். அங்கே டிசம்பர் 31 அன்று கணக்கில் பணம் மிச்சம் இருந்தால் ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டும். பூஜ்யமாக இருந்தால் ஜனவரியிலிருந்தே போடலாம். அதனால் அடுத்த வருடம் எச்.எஸ்.ஏ.வுக்கு மாறப்போகிறீர்கள் என்றால் டிசம்பருக்குள் பழைய எஃப்.எஸ்.ஏ.வைச் சுத்தமாகக் காலி செய்யுங்கள், அல்லது மிச்சத்தை லிமிடெட் பர்ப்பஸ் வகைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நடு வருடத்தில் எச்.எஸ்.ஏ. பிடித்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். எஃப்.எஸ்.ஏ.வில் அந்தச் சுதந்திரம் இல்லை. திருமணம், பிரசவம், வேலை இழப்பு போன்ற காரணம் இல்லாமல் வெளியே வர விடமாட்டார்கள்.

சரி, எஃப்.எஸ்.ஏ. இல்லை, இரண்டு பேர் கம்பெனியிலும் நிஜமான காப்பீடுதான் என்று வைத்துக்கொள்வோம். யார் யாரை எதில் சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். கணவன் மொத்தக் குடும்பத்தையும் ஹை டிடக்டிபிள் பிளானில் சேர்த்திருக்கிறான். மனைவி கூடவே தன் கம்பெனியில் தனக்கு மட்டும் ஒரு பி.பி.ஓ., அதாவது ஹை டிடக்டிபிள் அல்லாத வழக்கமான பிளான், எடுத்திருக்கிறாள். இங்கே மனைவிக்குத் தகுதி இல்லை, கணவனுக்கு உண்டு, அதுவும் குடும்ப வரம்பான 8,750 முழுவதும். அவள் செலவையும் அவன் கணக்கிலிருந்து எடுக்கலாம், எச்.எஸ்.ஏ. பணம் கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் பொது, அவர்கள் எந்தக் காப்பீட்டில் இருந்தாலும் சரி. அதே மனைவி தன் பி.பி.ஓ.வில் கணவனையும் சேர்த்துவிட்டால் கதை முடிந்தது. இருவருக்கும் தகுதி போய்விடும்.

இருவரும் ஹை டிடக்டிபிள் பிளானிலேயே இருந்தால்? ஆளுக்கொரு தனிநபர் பிளான் என்றால் ஆளுக்கு 4,400. இருவருக்குமாக 8,800, குடும்ப வரம்பைவிட 50 டாலர் அதிகம். ஆனால் ஒருவர் பிள்ளையைத் தன் பிளானில் சேர்த்த கணமே அது குடும்பப் பிளான் ஆகிவிடும். அப்புறம் இருவரையுமே குடும்பப் பிளானில் இருப்பவர்களாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது, இருவருக்கும் சேர்த்து 8,750 மட்டும்தான். அதை எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் கூட்டுக் கணக்கு கிடையாது, எச்.எஸ்.ஏ. எப்போதும் ஒருவர் பெயரில்தான். 55 வயதானவர் கூடுதலாகப் போடும் 1,000 டாலரும் அவரவர் கணக்கில்தான் விழ வேண்டும்.

வரம்பு தாண்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அவர் பேரோலில் 8,750 வரை போட விடும், என் பேரோலிலும் 8,750 வரை போட விடும். இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. கம்பெனி தன் பங்காகப் போடும் 500, 1,000 டாலரும் அதே வரம்புக்குள் வரும் என்பதையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் வீட்டில் ஒரு தாளில் நான்கு எண்களை எழுதுவோம்: அவர் போடுவது, அவர் கம்பெனி போடுவது, நான் போடுவது, என் கம்பெனி போடுவது. நான்கையும் கூட்டி வரும் தொகை வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் படிவத்தைத் தொடுவோம்.

தாண்டிவிட்டால் பயப்பட வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். வரித் தாக்கலுக்கான கடைசித் தேதிக்குள், எச்.எஸ்.ஏ. வைத்திருக்கும் நிறுவனத்திடம் சொல்லி அதிகப்படியான தொகையையும் அது ஈட்டியதையும் வெளியே எடுத்து, வருமானத்தில் காட்டிவிட்டால் அபராதம் இல்லை. சாதாரணமாகப் பணம் எடுப்பதுபோல எடுத்துவிடாதீர்கள். அதிகப்படியான பங்களிப்பைத் திருப்பி எடுப்பதற்கென்று தனிப் படிவம் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். அப்படியே விட்டுவைத்தால் ஒவ்வொரு வருடமும் அந்தத் தொகைக்கு 6 சதவீதம் கட்ட வேண்டும், எடுக்கும்வரை. நான் சொன்ன அந்தத் தம்பதி மார்ச்சுக்குள் எடுத்துவிட்டார்கள். வரிச்சலுகை போனதுதான் நஷ்டம்.

எச்.எஸ்.ஏ.வை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இரட்டைக் காப்பீடு நினைக்கும் அளவுக்குக் கைகொடுப்பதில்லை. இரண்டு பிளான் இருந்தால் யார் முதலில் கொடுப்பது என்று விதி உண்டு. எனக்கு என் கம்பெனி முதல், கணவர் கம்பெனி இரண்டாவது. பிள்ளைகளுக்கு, அப்பா அம்மா இருவரில் யார் பிறந்தநாள் வருடத்தில் முன்னால் வருகிறதோ அவருடைய பிளான் முதல். வயது கணக்கில்லை, மாதமும் தேதியும்தான். மார்ச்சில் பிறந்த அம்மாவின் பிளான், ஆகஸ்டில் பிறந்த அப்பாவுடையதை முந்தும். எது சிறந்த பிளான் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை.

இரண்டாவது பிளான் மிச்சத்தைக் கொடுத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்பது. கம்பெனி பிளான்கள் பலவற்றில் நான்-டூப்ளிகேஷன் என்றொரு பிரிவு இருக்கும். மகளுக்கு 1,000 டாலர் பில், டிடக்டிபிள் எல்லாம் முடிந்துவிட்டது, முதல் பிளான் 80 சதவீதம், அதாவது 800 கொடுத்துவிட்டது. இரண்டாவது பிளானும் 80 சதவீதம்தான் தரும் என்றால் அது தன் பங்கை 800 என்று கணக்கிட்டு, ஏற்கனவே 800 கிடைத்துவிட்டது, நான் தர வேண்டியது எதுவுமில்லை என்று கைவிரித்துவிடும். மாதாமாதம் இரண்டு ப்ரீமியம் கட்டியும் 200 டாலர் உங்கள் தலையில். இரண்டாவது பிளானை எடுக்குமுன் அதன் விளக்கக் கையேட்டில் இந்தப் பிரிவு இருக்கிறதா என்று மட்டுமாவது தேடிப் பாருங்கள். மனைவிக்கோ கணவனுக்கோ அவரவர் கம்பெனியில் காப்பீடு கிடைக்கும்போது நம் பிளானில் சேர்த்தால் மாதாந்திரக் கூடுதல் கட்டணம் வாங்கும் கம்பெனிகளும் இருக்கின்றன.

எல்லோரும் ஹை டிடக்டிபிள் பக்கம் ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிரசவம் வரப்போகும் வருடம், தொடர் சிகிச்சை நடக்கும் வருடம் என்றால் இரண்டு பிளானின் ப்ரீமியத்தையும் நம் பங்கின் உச்சவரம்பையும் கூட்டிப் பார்த்து, குறைவாக வருவதை எடுங்கள். வரி மிச்சத்துக்காக டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடும் வீடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் ஒன்று கவனியுங்கள்: ஏ1சி பரிசோதனை, குளுக்கோமீட்டர், இன்சுலின் போன்றவற்றை டிடக்டிபிளுக்கு முன்பே கொடுக்க ஹை டிடக்டிபிள் பிளான்களுக்கு இப்போது அனுமதி உண்டு. கொடுப்பதும் கொடுக்காததும் அந்த பிளானின் விருப்பம். கேட்டுவிட்டுச் சேருங்கள்.

வேலை மாறும் வருடத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. தகுதி மாதக் கணக்கில் பார்க்கப்படும். மாதத்தின் முதல் தேதியில் நிலை என்ன என்பதே கேள்வி. ஆறு மாதம் தகுதி என்றால் பாதி வரம்பு. ஆனால் டிசம்பர் 1 அன்று தகுதியோடு இருந்தால் முழு வருடத் தொகையையும் போடலாம் என்று ஒரு சலுகை தந்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டால் அடுத்த வருடம் டிசம்பர் 31 வரை தகுதியை இழக்கக் கூடாது. இழந்தால், கூடுதலாகப் போட்டது வருமானத்தில் சேரும், மேலே 10 சதவீத வரியும் உண்டு. கணவன் டிசம்பரில் முழுத் தொகை போட்டு, மனைவி ஜனவரியில் பொது எஃப்.எஸ்.ஏ. எடுத்தால் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். ஒரு கம்பெனியின் திட்ட வருடம் ஜனவரியிலும் இன்னொன்றுடையது ஜூலையிலும் தொடங்கும் வீடுகளில் இது இன்னும் கவனிக்க வேண்டியது.

ஊருக்குப் போய் வைத்தியம் பார்ப்பது பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். சென்னையிலோ மதுரையிலோ ரூட் கேனால் செய்துகொண்டால் அந்தச் செலவை எச்.எஸ்.ஏ.விலிருந்து எடுக்கலாம், அமெரிக்காவில்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. அங்கேயே வாங்கி அங்கேயே சாப்பிட்ட, இரு நாட்டிலும் சட்டபூர்வமான பிரிஸ்கிரிப்ஷன் மருந்துக்கும் எடுக்கலாம்; பெட்டியில் கொண்டுவரும் மருந்துக்கு முடியாது. ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு திறந்த பிறகு ஆன செலவாக இருந்தால் போதும், பணத்தைப் பல வருடம் கழித்தும் எடுக்கலாம். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் வைத்தியச் செலவுக்கு மட்டும் எடுக்க முடியாது. அமெரிக்க வரிவிதிப்படி அவர்கள் நம்மைச் சார்ந்தவர்களாக வருவதில்லை. சில மாதம் இங்கே வந்து போகும்போது எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸுக்கும் அப்படியே. மனது ஏற்காவிட்டாலும் இதுதான் விதி. மீறி எடுத்தால், 65 வயதுக்குள் இருப்பவருக்கு வருமான வரியோடு 20 சதவீத அபராதமும் சேரும்.

தொண்ணூறுகளில் வந்த நம் மூத்தவர்கள் சிலர் இப்போது 65-ஐத் தொட்டும் வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த இரட்டைக் காப்பீடு மெடிகேர் உருவில் வருகிறது. மெடிகேரில் எந்தப் பகுதியில் சேர்ந்தாலும் எச்.எஸ்.ஏ.வில் போடும் தகுதி அந்த மாதத்திலிருந்தே போய்விடும். சோஷியல் செக்யூரிட்டி வாங்க விண்ணப்பித்தால் மெடிகேரின் மருத்துவமனைப் பகுதியான பார்ட் ஏ தானாகவே ஒட்டிக்கொள்ளும், அதுவும் 65 நிறைந்த மாதத்துக்கு முன் போகாமல், ஆறு மாதம் வரை பின்தேதியிட்டு. அதனால் விண்ணப்பிக்க ஆறு மாதம் இருக்கும்போதே பிடித்தத்தை நிறுத்திவிட வேண்டும். அவருடைய கம்பெனிப் பிளானில் இருக்கும் இளைய மனைவிக்கு இது பொருந்தாது. அது குடும்பத்துக்கான ஹை டிடக்டிபிள் பிளானாகவே தொடர்ந்து, அவளுக்கு வேறு காப்பீடு இல்லையென்றால், அவள் தன் பெயரில் கணக்கு திறந்து 8,750 முழுவதையும், 55 வயதானால் இன்னொரு 1,000-த்தையும் போடலாம். பேரோல் வழியாக இல்லாமல் வங்கியிலிருந்து நேராகப் போட்டுவிட்டு, வரித் தாக்கலில் கழித்துக்கொள்ள வேண்டும். அவருடைய பழைய எச்.எஸ்.ஏ.வில் இருக்கும் பணத்திலிருந்து டாக்டர் செலவுக்கான அவருடைய மெடிகேர் பார்ட் பி ப்ரீமியத்தைக் கட்டலாம். மெடிகேர் கொடுக்காத மிச்சத்துக்காகத் தனியாரிடம் எடுக்கும் மெடிகேப் பாலிசியின் ப்ரீமியத்துக்கு மட்டும் அதை எடுக்க முடியாது.